ஆண்டவருக்குச் சொன்ன விலாசம்

அம்மாவை நம்பக் கூடாது என்று முடிவெடுத்த அன்று ஹெப்சிக்கு அழுகை வந்தது. அம்மா கெட்டவள் என்றால் சமாளித்துவிடலாம். தேவசுந்தரி கெட்டவள் இல்லை, ஓட்டை வாய், அவ்வளவுதான். அதுவும் ஊர்வம்பு பேசுகிற வாய் இல்லை, ஆண்டவரிடம் பேசுகிற வாய். மனசுக்குள் ஜெபிப்பது அவளுக்கு வராது. கண்ணை மூடினால் போதும், வீட்டில் நடந்தது, நடக்காதது, நடக்கப் போவது அத்தனையும் சத்தமாக வெளியே வந்துவிடும். திருத்தணி மலைக்குக் கீழே அந்தச் சந்தில் இருப்பவர்களுக்கு ஹெப்சிக்கு எப்போது காய்ச்சல் வந்தது, எந்த வரன் தட்டிப்போனது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியும்.

இவ்வளவு நாள் அதனால் ஒரு மோசமும் வந்ததில்லை. இப்போது வரும். ஹெப்சியின் தம்பி சைமன், ஷோபனாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போயிருந்தான். ஷோபனா கே.ஜி.கண்டிகையில் நிலபுலனோடு இருக்கிற கண்ணையனின் மகள். சைமன் ஏசி மெக்கானிக், வேதக்காரன், அதற்கும் மேலாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிற தெருவில் பிறந்தவன். கண்ணையன் வந்து சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அவர் வரவில்லை. அவருடைய மகன் எழிலன் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "எங்க இருந்தாலும் ரெண்டு பேரையும் ஒண்ணாவே பாத்துக்கறேங்க. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல" என்று அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் ஹெப்சி அன்றைக்குப் பகலிலேயே கதவைத் தாழ்போட்டாள்.

இருவரும் மேஜர். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் காவல் நிலையம் கூடவே வந்து வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளுமா என்ன? முதலில் ராணிப்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். சைமனுக்கு அம்மாவின் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. புது சிம் போட்டு ஒரே ஒரு தரம் கூப்பிட்டான். அந்த அழைப்பு வந்த இடத்தை யாரைப் பிடித்து எப்படி எடுத்தார்களோ, மறுநாள் அந்தத் தெருவில் எழிலனின் கார் நின்றது. ஷோபனா துணி காயப்போடும்போது மேலிருந்து பார்த்துவிட்டதால் பிழைத்தார்கள். பின்சுவர் ஏறிக் குதித்ததில் சைமனுக்கு முழங்கை எலும்பு விட்டுப்போனது.

அதற்குப் பிறகுதான் ஹெப்சி கம்ப்யூட்டர் பெட்டி வேலையில் இறங்கினாள்.

அவள் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவள். பிள்ளைகள் கெடுத்துவைக்கிற லினக்ஸைத் திரும்பத் திரும்ப ஏற்றியே கை பழகினவள். தேடித் தேடிப் படித்ததில் வோனிக்ஸ் என்று ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு பொய்க் கம்ப்யூட்டர்களை ஓடவிட வேண்டும். முதலாவது வாசல். வெளியே போகிற வழி அதற்கு மட்டும்தான் தெரியும். போகிற எதையும் அது டோர் என்கிற வலையமைப்பு வழியாக ஊர் ஊராகக் கைமாற்றி அனுப்பும். இந்தக் கைக்குக் கொடுத்தவர் யார் என்று அடுத்த கைக்குத் தெரியாது. இரண்டாவது, உள்ளறை. எழுதுவது, படிப்பது எல்லாம் அங்கேதான். உள்ளறைக்கு வாசலைத் தவிர வேறு உலகமே இல்லை. தான் எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. எவனாவது உள்ளே புகுந்து பிடித்து உலுக்கினாலும் அதனிடமிருந்து விலாசத்தைக் கறக்க முடியாது. இந்த இடத்தைப் படித்தபோது ஹெப்சி நிமிர்ந்து அடுப்படியில் ஜெபித்துக்கொண்டே வெங்காயம் உரிக்கிற அம்மாவைப் பார்த்தாள். நம் வீட்டில் எல்லோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

படிக்கச் சுலபம், செய்யப் போனால் நாக்கு தள்ளியது. ரிச்சி தெருவில் வாங்கின இரண்டு பழைய லேப்டாப்களிலும் டெபியன் என்கிற லினக்ஸை ஏற்றினாள். பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டுகிற கேவிஎம் கிளம்பவே மாட்டேன் என்றது. நாள் முழுக்க எதை எதையோ அழித்து ஏற்றிப் பார்த்தபின்தான் புத்தி வந்தது. லேப்டாப் எழுந்திருக்கும்போதே பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புக்குள் போய் அதற்கான அனுமதியைத் திறந்துவிட வேண்டும், அது பூட்டிக் கிடந்திருக்கிறது. அடுத்தது நினைவகம். இரண்டு பெட்டியும் சேர்ந்து எழுந்தால் மிச்சத்துக்கு மூச்சுவிட இடமில்லாமல் எல்லாம் உறைந்து நின்றது. காதில் கிடந்ததை அடகு வைத்துக் கூடுதல் ராம் வாங்கிப் போட்டாள். இறக்கின கோப்பு அசல்தானா, நடுவில் எவனாவது கை வைத்தானா என்று கையொப்பம் சரிபார்க்கச் சொல்லியிருந்தது. வேறு வேலையாக இருந்தால் அவள் அதையெல்லாம் தாண்டிப் போயிருப்பாள். தம்பியின் கழுத்து என்பதால் ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்திப் பார்த்தாள்.

கடைசியில் வாசல் பெட்டி எழுந்து, டோர் தட்டுத்தடுமாறி நூறு சதவிகிதம் ஏறி, உள்ளறைப் பெட்டியும் கண் விழித்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தால் ஏதோ ஐரோப்பிய நாட்டின் பெயர் வந்தது.

"இது நம்ம ஊரு இல்லியே" என்றாள் தேவசுந்தரி, எட்டிப் பார்த்து.

"இல்லம்மா. அதான் வேணும்."

"பொய்தான சொல்லுது?"

"பொய் இல்ல. அதுக்குத் தெரியாது."

தெரியாதது எப்படிப் பொய் இல்லாமல் போகும் என்று தேவசுந்தரிக்கு விளங்கவில்லை. மெஷினுக்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது லேப்டாப்பை அரக்கோணம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தாள் ஹெப்சி. கைக்கட்டோடு சைமன் இளைத்துப் போயிருந்தான். ஷோபனா கொஞ்ச தூரம் தள்ளித் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதுவதெல்லாம் உள்ளறைப் பெட்டியில் இருக்கிற சாட் கணக்கில்தான் என்று ஹெப்சி விதி போட்டாள். வேலை முடிந்து வந்தபின் திறந்தால் போதும். போன் கூடவே கூடாது, அவளுக்கும் வேண்டாம் இவனுக்கும் வேண்டாம்.

"எந்த ஊருன்னு என்கிட்ட சொல்லாத. அம்மா கேட்டாலும் சொல்லாத" என்றாள்.

"நீயே அந்தப் பெட்டி மாதிரி ஆயிட்டக்கா" என்று சைமன் சிரித்தான். ரயில் கிளம்பியபோது எந்தத் திசை என்றுகூடப் பார்க்காமல் அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

பெட்டி நன்றாகத்தான் உழைத்தது. சாயங்காலங்களில் அம்மாவும் மகளும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டார்கள். சாப்பிட்டாயா, கை வலிக்கிறதா, ஷோபனா என்ன செய்கிறாள். ஒருநாள் சைமன், ஷோபனாவுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று எழுதினான். தேவசுந்தரி லேப்டாப்பின் மூடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. ஹெப்சி எழுந்து போய்ப் பணம் கொடுத்து, பழைய சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மாவின் முகம் பிரகாசமாக இருந்தது. பாட்டியாகப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷோபனாவின் அம்மா அம்சா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து ஹெப்சி அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. தலை கலைந்து, ஒரு கன்னம் கன்றிச் சிவந்து, செருப்பில்லாமல் அம்சா உள்ளே வந்தாள். இந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

"அக்கா," என்றாள் தேவசுந்தரியைப் பார்த்து. "மதனப்பள்ளிக்கு வண்டி போய்கினு இருக்குது. எம் பையனும் அவுங்க நைனாவும், இன்னும் ரெண்டு ஆளுங்க. புள்ளைங்களை அங்கேருந்து எழுப்பி உடுங்க."

ஹெப்சிக்குப் புரியவில்லை. "எதுக்குங்க மதனப்பள்ளிக்குப் போறாங்க?"

அம்சா அவளை வியப்பாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதாம்மா?"

ஹெப்சி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தேவசுந்தரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் கேட்டேன் ஹெப்சி" என்றாள். "நீ சிலிண்டர்காரனுக்கு காசு குடுக்கப் போனியே, அப்ப. எங்கடா கீறீங்க, அவள எந்த ஆஸ்பத்திரில காட்றன்னு கேட்டேன். மதனப்பள்ளி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு, மாடி வீடுன்னான். பெத்தவ கேட்டா சொல்லாம இருப்பானா? சொல்லிட்டு அவனே அழிச்சிட்டான், அக்கா திட்டும்மான்னு."

"நீ யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. ஜெபம்தான் பண்ணேன்."

அந்த ஜெபத்தை ஹெப்சியால் கேட்காமலே கேட்க முடிந்தது. புதன்கிழமைகளில் கே.ஜி.கண்டிகையில் பெபி சித்தி வீட்டில் பெண்களுக்கான ஜெபக்கூட்டம். ஒவ்வொருத்தியும் தன் பாரத்தைச் சொல்லி அழ வேண்டும். தேவசுந்தரியின் முறை வந்திருக்கிறது. கர்ப்பத்தின் கனியைத் தந்தீரே, மதனப்பள்ளியிலே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவிலே, மாடி வீட்டிலே இருக்கிற என் பிள்ளைகளைக் கண்ணின் மணியைப் போலக் காத்தருளும் என்று மனம் உருகிக் கேட்டிருப்பாள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் தெருப்பெயர் தெரியாமல் மதனப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் நின்று தவித்துப்போவார் பாருங்கள்.

பெபி வீட்டுக் கதவோரம் அன்றைக்கு அம்சாவும் உட்கார்ந்திருந்தாள். முட்டிவலிக்கு ஜெபித்தால் குறைகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சில வாரங்களாக வந்துகொண்டிருந்தாள். முட்டிவலி ஒரு சாக்கு. மகள் பெயரை எடுக்கவே கூடாது என்று உத்தரவு போட்ட வீட்டில் இருந்துகொண்டு, அந்தப் பெயர் எங்கேயாவது காதில் விழாதா என்றுதான் வந்தாள். அன்றைக்கு விழுந்தது. உயிரோடு இருக்கிறாள், முழுகாமல் இருக்கிறாள்.

"நான் வாயத் தொறக்கலம்மா" என்றாள் அம்சா. "கூட்டத்துல கேட்டத கூட்டத்துலயே உட்டுட்டு வந்தேன். இத்தினி நாளு மூச்சு உடல. இன்னிக்கு கிருத்திக. பையன்தான் வண்டியில மலைக்கி இட்டுகினு போனான். குருக்கள் பேரு நட்சத்திரம் கேட்டாரு. அவுங்க நைனா பேரு சொன்னேன், பையன் பேரு சொன்னேன். அப்புறம் அதுவா வந்துச்சும்மா. ஷோபனா, ரேவதி நட்சத்திரம், வயித்துல கீற கொழந்தைக்கும்னு சொல்லிட்டேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "முருகங்கிட்ட பேரு சொல்லாம எப்பிடிம்மா கேக்கறது? எந்தப் பொண்ணுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

பக்கத்தில் கைகூப்பி நின்ற எழிலன் அங்கே ஒன்றும் பேசவில்லையாம். விபூதி வாங்கிப் பூசிக்கொண்டான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினபின்தான் கேட்டிருக்கிறான். அப்பனும் மகனுமாகக் கேட்ட கேள்விக்கு அம்சா எவ்வளவோ தாங்கிப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பின்தெரு வரைக்கும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வெளியே தாழ்போட்டுவிட்டு, காரை எடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மருமகள் தாழை நீக்கிவிட்டாள்.

ஹெப்சி கோபப்பட நினைத்தாள். யார் மேல் படுவது? அதற்கு நேரமும் இல்லை. லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தாள். கடவுச்சொல் ஒரு தரம் தப்பியது. வாசல் பெட்டியை முதலில் எழுப்ப வேண்டும், அதன் பின்னால்தான் உள்ளறை. அவசரம் என்று சொன்னால் அதற்குப் புரியுமா? டோர் தன் பாட்டுக்கு ஒவ்வொரு சதவிகிதமாக நகர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் அப்படியே நின்றது. அம்சா தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசுந்தரியின் உதடு அசைந்தது. "சத்தம் வரக்கூடாது" என்றாள் ஹெப்சி. அம்மாவைப் பார்த்து அவள் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

ஒருவழியாகத் திறந்தது. 'உடனே கிளம்பு. எழிலன் வருகிறான். இடம் தெரிந்துவிட்டது' என்று அடித்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. படித்ததற்கு வரவில்லை. திரும்பவும் அடித்தாள். திரும்பவும். சைமன் சாயங்காலம் வேலை முடிந்து வந்துதான் பெட்டியைத் திறப்பான். அவள்தான் அப்படிச் சொல்லியிருந்தாள். திறந்தே வைத்திருந்தால் ஆபத்து என்றும் அவள்தான் சொல்லியிருந்தாள்.

"போன் போடும்மா" என்றாள் அம்சா.

"போன் இல்லைங்க."

"அவங்கிட்ட இல்லியா, பக்கத்து வீட்ல, கடையில?"

"எங்க வேல செய்றான், யாரு வீட்ல கீறான், எதுவும் தெரியாதுங்க. நான்தான் சொல்லவே கூடாதுன்னேன்."

காவல் நிலையத்துக்குப் போனால், வேறு மாநிலம் என்று சொல்லி எழுதி வாங்குவதற்குள் கார் போய்ச் சேர்ந்துவிடும். எவனாலும் தம்பியைத் தேடிப் பிடிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைத்தாளே, அது பலித்துவிட்டது. காரில் போகிற எழிலனுக்கு அவன் இருக்கிற தெரு தெரியும். இவளுக்கு அவனை எட்ட வழியில்லை. எதிரியைத் தள்ளி வைப்பதாக நினைத்துக்கொண்டு தன்னையே வெளியே நிறுத்திப் பூட்டியிருக்கிறாள். அவளுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

தேவசுந்தரி எழுந்து தன் போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"பெபிக்கு. போன வருஷம் கன்வென்ஷனுக்கு மதனப்பள்ளி பக்கத்துலேருந்து ஒரு பாஸ்டரம்மா வந்தாங்க இல்ல, அவங்க நம்பரு அவகிட்ட கீது."

"வேணாம். இன்னும் எத்தினி பேருக்குச் சொல்லப் போற? பெபி சித்திக்குத் தெரிஞ்சா குரூப்புக்கே தெரியும்."

"தெரியட்டும்."

"அம்மா."

"தெரியட்டும்டி" என்று தேவசுந்தரி கத்தினாள். "அவனுங்களுக்கே தெரிஞ்சிபோச்சி. இனிமே நல்லவங்களுக்குத் தெரியாம இருந்து இன்னா ஆவப் போவுது? நான் வாயால கெடுத்தேன். வேற எதால சரி பண்ணுவேன், எனக்கு வேற இன்னா தெரியும்?"

ஹெப்சி படித்ததெல்லாம் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். எந்தப் பக்கம் தப்பானாலும் செத்துப்போவது சைமன். திரையில் படிக்கப்படாமல் கிடந்த தன் வரிகளை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, "போடும்மா" என்றாள்.

பெபி உடனே எடுத்தாள். பாஸ்டரம்மாவின் போன் முதலில் அணைந்திருந்தது. ஞாயிறு ஆராதனை முடியவில்லை போலும். திரும்பத் திரும்ப அடித்ததில் எடுத்தார். தேவசுந்தரி தெலுங்கில் பேசினாள். அந்த ஊர்ப்பக்கம் பெண் எடுத்துக் கொடுத்த குடும்பம், தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு வாய் குழறியது. அவ்வளவு பேச்சு பேசுகிறவள், அடையாளம் சொல்லத் தெரியாமல் நின்றாள். புதுசாக வந்த ஜோடி, பையனுக்கு முழங்கை கொஞ்சம் கோணல், பெண் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும். பெயர் கேட்டார் பாஸ்டரம்மா. தேவசுந்தரி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஹெப்சி தலையசைத்தாள். இரண்டு பெயரையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுப்பில் சோறு குழைந்து அடிபிடித்த வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஹெப்சி ஈரத்துணி கொண்டுவந்து அம்சாவின் கன்னத்தில் வைத்தாள். அம்சா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கார் சித்தூரைத் தாண்டியிருக்குமா, டீ குடிக்க நிறுத்தியிருப்பார்களா, அவர்கள் அப்படி நிறுத்துகிற ஆட்களா என்று தேவசுந்தரி கேட்டுக்கொண்டே இருந்தாள். "எம் பையன் பசி தாங்க மாட்டான்" என்றாள் அம்சா. சொன்ன பிறகு, அவன் எங்கேயாவது உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாஸ்டரம்மா ஒரு தரம் கூப்பிட்டார். பாட்டுக்குழுப் பெண்களோடு ஆஸ்பத்திரிப் பின்தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறாராம். மாடி வீடு பத்துப் பதினைந்து இருக்கிறதாம். வைத்துவிட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஹெப்சி அடித்துப் பார்த்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிணம்தான் வரப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்து, அதை விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. ஒரு வண்டியில் வருமா, இரண்டு வண்டியில் வருமா என்றுகூட மனம் கணக்குப் போட்டது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்தபின் போன் அடித்தது. தேவசுந்தரியால் பிடிக்க முடியவில்லை. ஹெப்சி வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள். பாஸ்டரம்மா மூச்சு வாங்கப் பேசினார். பெண் வீட்டில்தான் இருந்தது. பையன் வேலைக்குப் போன இடத்தைக் கேட்டுப் போய்க் கூட்டி வந்தார்கள். போட்டது போட்டபடி, அந்தக் கம்ப்யூட்டர் பையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தமிழ்நாட்டு வண்டி ஒன்று தெருவுக்குள் வந்து நின்று மாடி வீடுகளை விசாரித்ததாம்.

"எக்கட பம்பிஞ்சாரு அக்கா?" என்று தேவசுந்தரி கேட்டாள். எங்கே அனுப்பினீர்கள் என்று.

அது தெரிய வேண்டாம் என்று பாஸ்டரம்மா தெலுங்கில் சொன்னார். வண்டி ஏற்றிவிட்டவருக்கு மட்டும்தான் தெரியுமாம், தானும் கேட்டுக்கொள்ளவில்லையாம்.

மூன்று பெண்களும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். யார் யாருடைய தோளில் சாய்ந்தார்கள் என்று பிறகு கேட்டால் ஒருத்திக்கும் சொல்லத் தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெட்டியில் எழுத்து வந்தது. ஹெப்சி படித்தாள். முதலில் தனக்குள், பிறகு வாய்விட்டு.

'பத்திரமா இருக்கோம்கா. ஷோபனாவும் நல்லா இருக்கா. இதுதான் கடைசி. இந்தக் கணக்கை இதோட அழிக்கிறேன். நீயும் அழிச்சிடு. அம்மா மேல கோபப்படாதே. திரும்பவும் எங்கடா இருக்கேன்னு அம்மா கேட்டா நான் திரும்பவும் சொல்லிடுவேன். என்னால முடியாதுக்கா. அதுக்காகத்தான்.'

அவள் ஏதோ பதில் அடிக்கப் போனாள். எதிர்ப்பக்கத்தில் கணக்கே இல்லை என்று பெட்டி சொன்னது.

தேவசுந்தரி திரையைத் தொட்டுப் பார்த்தாள். "நான் இனிமே கேக்க மாட்டேன்னு எழுதேன்" என்றாள். "ஹெப்சி, கேக்கவே மாட்டேன்னு எழுது."

"எழுதினா போவாதும்மா."

"வேற ஒரு பெட்டி செய்யேன். நீதான் செய்வியே."

"எத்தினி செஞ்சாலும் அவன் விலாசம் வேணும்மா. அது நம்மகிட்ட இல்ல."

திரும்பக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரர் வெளியே ஒலி எழுப்பினார். ஆண்கள் திரும்பி வருவதற்குள் அம்சா வீட்டுக்குள் போய்விட வேண்டும், பக்கத்து வீட்டு மருமகள் பழையபடி வெளித்தாழைப் போட்டாக வேண்டும். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்தாள்.

"நெசமாவே உங்க யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றாள் ஹெப்சி.

"ஆங். நல்லது. இனிமே அவுங்க எப்பிடிக் கேட்டாலும் எங்கிட்ட ஒண்ணும் வராது."

வாசல் வரைக்கும் போனவளைத் தேவசுந்தரி கையைப் பிடித்து நிறுத்தினாள். "கொழந்த பொறந்தா நமக்கு எப்பிடித் தெரியும் அம்சா?"

அம்சா விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"பொறந்துச்சின்னே வச்சிக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.